கொட்டாஞ்சேனை மிஸ்ஸும் பத்தாம் இலக்கமும்

“சேர், என்ட வயர் என்ட கையில இருக்கு. இப்ப உங்கட ஸ்க்ரீன்ல என்ன தெரியுது, சொல்லுங்க.”

தொலைபேசியில் அவர் அப்படிக் கேட்ட அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளவத்தைத் தலைமையகத்தில், ஏசி அறையில், திரைக்கு முன்னால் நான். கொட்டாஞ்சேனைக் கிளையில், தன் கணினியிலிருந்து கழற்றிய வயரைப் பிடித்தபடி அவர். அவருடைய இணைப்பு என்று நான் பெயர் போட்டு வைத்திருந்த கோடோ, கொஞ்சமும் கூச்சமில்லாமல் திரையில் ஏறிக்கொண்டே இருந்தது.

“இப்பவும் ஏறுது மிஸ்” என்றேன்.

“அப்ப அது நான் இல்லத்தானே சேர்.”

எங்களுடையது துறைமுகத்தில் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் நிறுவனம். கிளைகளின் கணினி இணைப்புகளைக் கண்காணிப்பது என் வேலை. அவர் கொட்டாஞ்சேனையில் பத்திரங்களைக் கணினியில் பதிபவர். தகுதிகாண் காலத்தில் இருந்தார். கிளையில் எல்லாரும் மிஸ் என்றதால் எனக்கும் மிஸ்தான். சில வாரங்களாக மதியம் பன்னிரண்டு மணியானால் அந்தக் கிளையின் இணைப்பு திணறும். இணைப்பை அதிகம் இழுப்பது யார் என்று பார்த்தால், என் திரை பத்தாம் இலக்கத்தைக் காட்டியது. பத்து என்றால் மிஸ்ஸின் மேசை. சாப்பாட்டு வேளையில் படம் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகம் யோசிக்க வேண்டும் என்று கடிதம் எழுதி, வரைபடத்தையும் இணைத்து அனுப்பினேன். இயந்திரம் பொய் சொல்லாது என்று வாய் கூசாமல் எழுதியவனும் நான்தான்.

கிளை முகாமையாளர் அந்தக் கடிதத்தை எல்லார் முன்னிலையிலும் வாசித்திருக்கிறார். மிஸ் சண்டைக்கு வரவில்லை. “பன்னிரண்டு மணிக்கு நான் கோயில்ல சேர். செபம் முடிஞ்சுதான் சாப்பிட வருவன்” என்று மட்டும் என்னை அழைத்துச் சொன்னார். “அப்ப கோயிலுக்குப் போகேக்க கம்ப்யூட்டர ஓட விட்டுட்டுப் போறீங்க போல” என்றேன். அப்போது எனக்கு அவ்வளவு தலைக்கனம். மறுநாள் அவர் கோயிலுக்குப் போகவில்லை. வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கிளையின் கணினிகளையெல்லாம் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் பெட்டியை ஆராய்ந்தபோது விஷயம் பிடிபட்டது. வயர் செருகும் ஒவ்வொரு துளைக்கும் பெட்டியின் முகப்பில் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும், அது மாறாது. ஆனால் பெட்டி தன் உள்ளே ஒவ்வொரு துளைக்கும் வேறோர் இலக்கம் வைத்துக்கொள்ளும். என் கண்காணிப்பு மென்பொருளுக்குத் தெரிந்தது அந்த உள் இலக்கம் மட்டும்தான். ஒரு மின்வெட்டில் பெட்டி அணைந்து மறுபடி எழும்பியபோது இலக்கங்களைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. மிஸ்ஸின் மேசை பதினொன்றாகிவிட்டது. பத்து, மாடிப்படியில் அண்மையில் பூட்டிய பாதுகாப்புக் கமராவுக்குப் போய்விட்டது. அந்தக் கமரா தன் பதிவுகளைத் தினமும் நடுப்பகலில் தலைமையகத்துக்கு அனுப்பும். அப்படி அமைத்து வைத்ததும் நானேதான்.

திருத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. உள் இலக்கத்தை நம்பாமல் முகப்புப் பெயரை வைத்து அடையாளம் காணும்படியும், சுவிட்ச் எழும்பும் ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் புதிதாக வாசிக்கும்படியும் மென்பொருளை மாற்றினேன். எல்லாக் கிளைகளிலும் இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது. இப்போது என்னிடம் வேலை செய்பவர்கள் யாராவது வரைபடத்தோடு வந்து நின்றால், மேசைக்காரரிடம் கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். அன்று மேலிடம் என்னைப் பாராட்டியது. என் அறிக்கையில் இலக்கம் மாறிய கதை பக்கம் பக்கமாக இருந்தது. மிஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை.

“அந்தக் கடிதத்தையும் திருத்துவீங்கதானே சேர்?” என்று அன்று நான் கிளம்பும்போது கேட்டிருந்தார். “ஓம், ஓம், செய்வம்” என்றேன். செய்யவில்லை. என் பிழையை என் கையாலேயே எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்று நாளை என்று இழுத்தடித்தேன். தகுதிகாண் காலம் முடிந்தது. அவரை நிரந்தரமாக்கவில்லை.

அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட பிறகு அந்தத் திருத்தக் கடிதத்தை எழுதினேன். எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எனக்குப் பிளேன்டீ தந்துவிட்டு, நின்றபடியே கடிதத்தை முழுக்க வாசித்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

“இத எனக்கு ஏன் சேர் தாறீங்க? நான் செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.”

மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக் கிளையில் எல்லாரையும் கூப்பிட்டு அதை வாசித்தேன். முகாமையாளர் என்னைப் பார்க்கவேயில்லை. மிஸ்ஸின் மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை இருந்தாள். வாசித்து முடித்ததும் அவள்தான் கேட்டாள்.

“அப்ப அவங்களத் திரும்ப எடுப்பீங்களா சேர்?”

இல்லை என்றேன். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.