நல்ல ஓடுகளை உடைத்தவர்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் டொக்டொக் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கூரைக்கு ஓடு போடுகிறவர். எந்த ஓட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். நல்ல ஓடு ணங்கென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட டொக்கென்று அடங்கிவிடும். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருமுறை உடைந்த ஓட்டைப் பசை போட்டு ஒட்டி, மற்ற ஓடுகளுக்கு நடுவே செருகிவைத்துச் சோதித்துப் பார்த்தார். மாமா தட்டிக்கொண்டே வந்து அதை மட்டும் உருவி அவரிடம் நீட்டினார்.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. துணிதான் சரியில்ல."

நான்கு வருடங்களுக்கு முன்னால் பாசியில் கால் வழுக்கிக் கூரையிலிருந்து விழுந்தார். அதிலிருந்து அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாதி பிரித்துப் போட்டிருந்த அந்த வீட்டுக் கூரையை அத்தையே ஏறி மூடிவிட்டு வந்தார். அத்தை என்று நான் சொல்வது மாமாவின் மனைவியை. அதுவரை கீழேயிருந்து ஓடு சுமந்து கொடுத்தவர். மேலே ஏறிய விஷயத்தை மாமாவிடம் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்.

"யாரக் கேட்டு ஏறின?"

"நீங்க யாரக் கேட்டு விழுந்தீங்க?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வேலையும் அன்றிலிருந்து இரண்டாகப் பிரிந்தது. மாமா வீட்டுக்குள் பரணில் படுத்துக்கொண்டு கூரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அத்தை மேலே. ஆள் உயரத்துக்கு ஒரு கழி வைத்திருப்பார் மாமா. உடைந்த ஓட்டை அதால் ஒரு தட்டுத் தட்டினால் 'இதை மாற்று' என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் 'இங்கே சரி, நகரு'. மூன்று தட்டு என்றால் 'அசையாதே'. அத்தையும் மேலேயிருந்து தட்டிப் பதில் சொல்வார். வெயில், காற்று, தெருச் சத்தம் எதுவானாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இப்படியே ஒரு கூரையை முடித்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உள்ளேயிருந்து மாமாவைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அத்தை மேலே நடக்கும்போது அவருடைய உதடு ஒவ்வொரு அடியையும் எண்ணும். இடது கை சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு பொத்தான் அறுந்துவிடும். தையல்காரர்தான் தைத்துக் கொடுப்பார்.

அவர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் மரம், பிறகுதான் ஓடு. மாமா பரணில் ஏறி, முகட்டிலிருந்து சரிந்து வரும் ஒவ்வொரு கைமரத்தையும் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். அது முடியும்வரை ஏணி சாத்தப்படாது. எங்கள் வீட்டு அளவுக்கு அரைமணி நேரமாவது ஆகும்.

அந்தப் புயலுக்கு மறுநாள் காலையில் அந்த அரைமணி நேரம் யாரிடமும் இல்லை. ராத்திரி முழுக்க அடித்து ஓய்ந்திருந்தது. மாலைக்குள் இன்னொரு மழை வரும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் கூரையில் ஏழெட்டு இடத்தில் வானம் தெரிந்தது. தையல்காரர் வீட்டில் மிஷின்மேலேயே ஒழுக்கு. அவர் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மாமா, இந்த வீட்ல எவ்வளவு நேரமாகும்? வெட்டின துணியெல்லாம் நனையுதுங்க."

"இப்பத்தானே வந்தேன். உள்ள போக விடுங்க."

"நீங்க பரண்ல ஏறுறதுக்குள்ள மழை வந்து எறங்கிடும் போலிருக்கே."

மாமாவின் முகம் சிறுத்துப்போனது. மடங்காத காலை வைத்துக்கொண்டு அவர் பரணில் ஏற நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தை வானத்தைப் பார்த்தார்.

"ஏங்க, போன வருஷம் இந்த வீட்டுக்கு ரீப்பரெல்லாம் மாத்தினோமில்ல? மரம் நல்லாத்தானே இருந்துச்சு? நான் ஏறிடவா?"

ஓடுகள் உட்காரும் குறுக்குச் சட்டங்களைத்தான் ரீப்பர் என்பார்கள். மாற்றியது உண்மைதான், ஆனால் இடது பாதிக்கு மட்டும். அது இருவருக்கும் தெரியும். மாமா தையல்காரரை ஒருமுறை பார்த்தார்.

"சரி, ஏறு. நான் பாத்துக்கிட்டே வரேன்."

அம்மா வாசலில் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச் விளக்கோடு உள்ளே வந்து, நடு அறையில் ஸ்டூல்மேல் நின்று பரணுக்குள் தலையை நீட்டினேன். எங்கள் பரண் அந்த அறையின் பாதிக்குத்தான் உண்டு. மறுபாதியில் கூரையிலிருந்து கீழே சிமெண்ட் தரைவரைக்கும் வெறும் காற்று. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்.

மாமா பழைய பெட்டிகளைத் தள்ளிவிட்டு ஒருக்களித்துப் படுத்தார். அத்தையின் அடிச் சத்தம் இடது ஓரத்திலிருந்து, கூரையின் கீழ் வரிசைகள் வழியாக, எங்களைத் தாண்டி வலது கோடிக்குப் போயிற்று. அது அவருடைய வழக்கம். கீழ் வரிசை வழியாகப் போவார். வேலையை முடித்துவிட்டு முகட்டை ஒட்டியே திரும்பி வருவார். முகட்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்பதற்காக.

மாமா கைமரங்களைக் குத்த ஆரம்பித்தார். முதல் மரம். திருப்புளி நுனி மட்டும் பதிந்தது.

"விளக்கை இந்தப் பக்கம் காட்டும்மா."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாம் கெட்டி. மேலே அத்தை ஒரு ஓட்டைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்தும் சத்தம். ஒரு தட்டு வந்தது. முடிந்தது என்று அர்த்தம். மாமா கழியால் இரண்டு தட்டினார். பரணின் விளிம்புக்கு நகர்ந்து ஐந்தாவது மரத்தை, முகட்டுக்குப் பக்கத்தில், குத்தினார்.

சத்தமே வரவில்லை. திருப்புளி கைப்பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

அவர் அதை இழுத்தபோது ஈரமான கறுப்புத் தூள் அவர் முகத்தில் கொட்டியது. துடைக்கவில்லை. கழியை எடுத்து, விளிம்புக்கு அப்பாலிருந்த ஆறாவது மரத்தின் மேல்முனையைத் தொட்டார். அது புட்டு மாதிரி உதிர்ந்தது. வருடக்கணக்காக முகட்டில் கசிந்த நீர் அந்த இரண்டு மரங்களையும் உள்ளுக்குள் தின்றிருந்தது. அவற்றின்மேல் இருந்த ஓடுகளில் ஒரு கீறல்கூட இல்லை. வெளிச்சம் வராத இடத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

மாமா மூன்று தட்டுத் தட்டினார்.

பதில் இல்லை. மறுபடி மூன்று. அப்போதுதான் எனக்கும் கேட்டது. காற்று மறுபடி எழுந்திருந்தது. தையல்காரர் வீட்டு முன்பக்கத் தகரம் ஒன்று ராத்திரியே பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் மாமாவின் தட்டு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"ஏய்! நில்லு! அங்கயே நில்லு!"

அவர் கத்தியது பரணுக்குள்ளேயே சுற்றியது. நான் வாசல் பக்கம் திரும்பி, "அம்மா, அத்தைய நிக்கச் சொல்லு!" என்று கூவினேன். அம்மா "என்னது?" என்றார்.

மேலே அடிச் சத்தம் கிளம்பியது. வலது கோடியிலிருந்து, முகட்டை ஒட்டி, எங்களை நோக்கி. மாமாவின் உதடு எண்ண ஆரம்பித்தது. பத்தாவது மரம். ஒன்பதாவது மரம். அத்தை நிதானமாகத்தான் வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு முகட்டு ஓட்டையும் தட்டிப் பார்த்து.

மாமா தட்டுவதை நிறுத்தினார். ஒரு கணம் கூரையை வெறித்துப் பார்த்தார். பிறகு பரணின் விளிம்பில் இடுப்புவரை வெளியே சாய்ந்து, கழியை இரண்டு கையாலும் பிடித்து, ஏழாவது மரத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவே இருந்த ஓட்டின்மேல் ஓங்கி இடித்தார். நல்ல ஓடு. ணங்கென்றது. இரண்டாவது இடியில் மேலே எகிறி, சரிவில் உருண்டு, வாசலில் விழுந்து நொறுங்கியது. அடுத்த ஓட்டை இடித்தார். அதற்கடுத்ததையும். நான் ஸ்டூலிலிருந்து எம்பி அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை.

வெளிச்சம் கொட்டியது. அந்தத் திறப்பின் மறுகரையில் அத்தையின் வலது பாதம் எடுத்த நிலையில் அப்படியே நின்றது.

"யாருங்க அது! நல்ல ஓட்ட எதுக்கு ஒடைக்கிறீங்க? புத்தி கெட்டுப் போச்சா?"

மாமா கழியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உக்காரு," என்றார்.

"என்னது?"

"உக்காருடி. உனக்கு முன்னால மரமில்ல."

அத்தை உட்கார்ந்தார். குனிந்து திறப்பு வழியாக உள்ளே பார்த்தார். உளுத்த மரத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே தரையைப் பார்த்தார். பிறகு மாமாவின் கறுத்த முகத்தை.

"மூஞ்சிய மொதல்ல தொடைங்க," என்றார். குரல் மட்டும் அவருடையது மாதிரி இல்லை.

வந்த வழியில் திரும்பச் சொல்வதற்கும் மாமா துணியவில்லை. வலது பக்கத்து மரங்களில் எது கெட்டி, எது இல்லை என்று யாருக்குத் தெரியும்? அத்தை நடந்து வந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பரணிலிருந்து இறங்கினார். எப்படி அவ்வளவு வேகமாக இறங்கினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நடு அறையில் பரண் இல்லாத பாதிக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டோம். அம்மாவும் நானும் மாமாவை அதன்மேல் தூக்கி நிறுத்தினோம். எதிரே தன் வீட்டு வாசலில் தையல்காரர், யாரும் சொல்லாமலே, பெயர்ந்த தகரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தெரு அமைதியானது.

மாமா திருப்புளியைக் கழியின் நுனியில் கட்டி, ஏழாவது மரத்தைக் குத்தினார். மறுபடி குத்தினார். பிறகு இரண்டு தட்டு. மேலே அத்தை உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். மேஜையைத் தள்ளினோம். எட்டாவது மரம். குத்து, குத்து, இரண்டு தட்டு. காலையிலேயே செலவழித்திருக்க வேண்டிய அரைமணி நேரத்தை இப்போது ஒவ்வொரு மரமாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பத்தாவது மரத்தில் திருப்புளி கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. மாமா வெகுநேரம் தட்டவில்லை. நாலு விரற்கடை தள்ளிக் குத்தினார். இன்னும் தள்ளி.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்றது மேலேயிருந்து.

"அசையாத."

"அசையலீங்க. காலு மரத்துப் போச்சு."

"போகட்டும்."

பிறகு இரண்டு தட்டு வந்தது.

வலது கோடிச் சுவரில் ஏணியை மாற்றிப் போட்டு அத்தை இறங்கியபோது முதல் தூறல் விழுந்தது. அவர் நேரே உள்ளே வந்தார். மாமா இன்னும் மேஜைமேல்தான் நின்றிருந்தார். இறங்கத் தெரியவில்லை.

"சாப்பாட்டு மேஜைல சிலை மாதிரி என்ன நிக்கிறீங்க? எறங்குங்க," என்று இடுப்பில் கைகொடுத்து இறக்கினார். மாமா கழியை விடவில்லை. அத்தை ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கினார்.

"நான்தான் ஏறுன்னு சொன்னேன்," என்றார் மாமா.

"நான்தான் ஏறவான்னு கேட்டேன்."

எங்கள் கூரைத் திறப்புக்கு அடியில், பரணிலிருந்தே தார்ப்பாய் ஒன்றைக் கட்டி, நீர் ஒரு டிரம்மில் விழும்படி செய்தார்கள். மழை விடட்டும், மரத்தை மாற்றிவிட்டு வருகிறேன் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். உடைத்த மூன்று ஓடுகளுக்காக இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டார்.

தூறல் கொஞ்சம் நின்றதும் தையல்காரர் வீட்டுக்குப் போனார்கள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். மாமா உள்ளே போய்விட்டார். ஏணி சாத்தப்படாமல் சுவரோரம் கிடந்தது. அதன் பக்கத்தில் அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மரம் பாத்துக்கிட்டிருக்காரு," என்றார் அத்தை, தையல்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"பாக்கட்டும் பாக்கட்டும். நான் ஒண்ணுமே சொல்லலியே," என்றார் தையல்காரர். கொஞ்சம் பொறுத்து, "அவரு சட்டையில பொத்தானைக் காணோம், பாத்தீங்களா? இன்னிக்கு ரெண்டு போயிருக்கு," என்றார்.

அத்தை சுவரில் காதை வைத்தார். உள்ளே திருப்புளி குத்தும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய உதடுகள் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தன.