பட்டியலின் ஐந்தாவது கட்டம்

ஊரில் அவளைக் கப்பல்காரி என்பார்கள். கப்பலில் கால் வைத்தவள் இல்லை, தையல்காரி. புருஷன் கப்பலில் வேலை பார்ப்பதாகப் பதினோரு வருஷமாகச் சொல்லி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

உண்மையில், மகளுக்கு மூன்று வயதானபோது சைக்கிளுக்குக் காற்றடித்து வருகிறேன் என்று போனவன் அவன். சைக்கிள் மட்டும் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலும் பொத்தானும் வாங்கத் துறைமுக நகரத்துக்குப் போவாள். அங்கே தபால் நிலையத்தில் உட்கார்ந்து, அப்பா எழுதுவதுபோல மகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் போடுவாள். வலது கை எழுத்தை மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று இடது கையால் எழுதுவாள். எல்லாக் கடிதமும் ‘என் தங்கக் கட்டிக்கு’ என்றுதான் தொடங்கும்.

இந்த நிலையில்தான் பண்ணையாரின் நிலத்தை அரசு எடுத்து, நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. அவள் குடியிருந்த வரிசை வீடும் பண்ணைக்குச் சொந்தம். நிலம் கிடைக்காதவர்கள் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்ட இடத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை எழுதினாள்: ‘கணவன் விட்டுப் போய்ப் பதினோரு வருடம்.’ ஆபீஸில் கொடுத்த தாள் ஆபீஸிலேயே தூங்கும் என்று நினைத்தாள்.

தூங்கவில்லை. போன தடவை வேறொரு பண்ணையைப் பிரித்தபோது மாவு மில்காரரின் செத்துப்போன சித்தப்பாவுக்குக்கூட நிலம் கிடைத்திருந்ததால், இந்தத் தடவை யாருக்கு, எவ்வளவு, என்ன காரணத்துக்கு என்று எல்லாவற்றையும் ஊரறியச் சுவரில் ஒட்டச் சொல்லி உத்தரவு.

எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் படித்துச் சொல்வது கப்பல்காரியின் மகள்தான். கணீரென்ற குரல். அன்றும் கவிழ்த்துப்போட்ட பால் கேன் மேல் ஏறினாள். அம்மா நகரத்துக்குப் போயிருந்தாள். பத்தொன்பதாவது பெயர் அம்மாவுடையது. ஒரு ஏக்கர். ஐந்தாவது கட்டத்தில் காரணம்.

“கணவனால் கைவிடப்பட்டவர்.”

“என்ன பாப்பா, கப்பல் முழுகிருச்சா?” என்றார் மாவு மில்காரர். கூட்டம் சிரித்தது.

“எழுதினவருக்குக் கண்ணு தெரியல. எங்கப்பா கப்பல்லதான் இருக்காரு. லெட்டரே வருது!”

“அப்ப ஆட்சேபம் எழுதிக் குடு கண்ணு. பதினஞ்சு நாள் டைம் இருக்கு. அப்பா பேரை நீ காப்பாத்தாம வேற யாரு காப்பாத்துவா?” மில்காரர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்தார். காத்திருப்போர் பட்டியலில் அவருடைய மச்சான்தான் முதல் ஆள். அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் பொத்தான் பையோடு வந்து இறங்கியவளிடம் மகள் ஓடிவந்து சொன்னாள்: “அம்மா, உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்!”

மகள் கொடுத்த ஆட்சேபத்தைத் திரும்ப வாங்க மறுநாளே கப்பல்காரி ஆபீஸுக்கு ஓடினாள். “நம்பர் போட்டாச்சும்மா. இனிமே விசாரணைதான்,” என்றார் கிளார்க். விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் சோறு போடும்போது சொல்லிவிட வாயெடுத்தாள். எட்டு நாளும், “இன்னும் கொஞ்சம் போடவா?” என்று கேட்டதோடு சரி.

விசாரணையன்று ஊரே ஜன்னலில் தொங்கியது. மகள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நாற்பத்து நான்கு கடிதங்களையும் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினாள்.

அதிகாரி இரண்டைப் பிரித்துப் பார்த்தார். “புருஷன் வேலையில இருக்கான். பேரை அடிச்சிருங்க.”

“ஐயா,” என்றாள் கப்பல்காரி. “ஒரு தாள் குடுங்க.”

பேனாவை இடது கையில் பிடித்தாள். சாய்ந்த எழுத்தில், நிதானமாக, ‘என் தங்கக் கட்டிக்கு’ என்று எழுதினாள். அதற்குமேல் எழுதத் தேவைப்படவில்லை. அதிகாரி தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

“அடேங்கப்பா! ஒரு கையால உண்மை, ஒரு கையால பொய். நல்ல கைத்தொழில்!” ஜன்னலிலிருந்து மில்காரர் குரல். கூட்டம் இன்னொரு தடவை சிரித்தது.

பெயர் நிலைத்தது. கிளார்க் கடிதங்களை ஒன்றாகத் தட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, பைலில் கோத்தார்.

“என் லெட்டரைக் குடுங்க,” என்றாள் மகள்.

“சாட்சியமாச்சே பாப்பா. இனிமே இது இங்கதான் இருக்கணும்.”

திரும்பி வரும் வழியில் கப்பல்காரி என்னென்னவோ சொன்னாள். மகள் காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தாள்.

பத்து நாள் கழித்து இறுதிப் பட்டியல் ஒட்டினார்கள். “அவ வரமாட்டா,” என்றார்கள் சிலர். வந்தாள். கேன் மேல் ஏறினாள். கூட்டத்தில் அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள். பத்தொன்பதாவது பெயர் வந்தது. ஒரு ஏக்கர். ஐந்தாவது கட்டத்தையும் தடுமாறாமல் படித்தாள்.

“பின்னாடி கேக்கல பாப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

மகள் அம்மாவைப் பார்த்தபடியே அந்த வரியை இன்னும் சத்தமாகப் படித்தாள்.