உம்மாவின் அரம்

கெலிஓயாவில் நேற்று ஒரு கலியாண வீடு. சோறாக்கும் பெரிய பள்ளிவாசல் கிடாரத்தின் விளிம்பில் அரம் ராவிய தழும்பு இன்னும் இருக்கிறது. தடவிப் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிவாசலில் கிடாரங்களைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் விதவைகளுக்கு அரிசி கொடுப்பார்கள். நெய்யும் விறகுப்புகையும் மணக்கும் எங்கள் பின்னறையில்தான் அவை இருந்தன, உம்மாவின் பொறுப்பில். பெரிய கடைக்கார ஹாஜியார் ஒருவர் புதுக் கிடாரம் ஒன்றைத் தந்தார். விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருந்தது. உம்மா அரத்தை எடுத்து அதை ராவத் தொடங்கினார்.

கேள்விப்பட்டு ஹாஜியார் வாசலுக்கே வந்துவிட்டார். "பேர் இல்லாட்டி என்ட சாமானைத் திருப்பித் தாங்கோ."

"அரிசி வாங்குற பொண்டுகள்ட புள்ளைகளுக்கும் இதுலதான் கலியாணச் சோறு. அந்த நாளைக்கும் ஒங்கட பேரையா பாக்கோணும்?" உம்மா ராவுவதை நிறுத்தவில்லை. "கொண்டுபோங்கோ. ஒங்கட ஊட்டுல தெனமும் முந்நூறு பேருக்கா ஆக்குற?"

கிடாரம் போகவில்லை.

இப்போது பின்னறைச் சாவி என்னிடம். நேற்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் வந்து சொன்னார்: "புதுக் கிடாரத்துல குடுத்தவங்கட பேரை வெட்டுவம்."

"வெட்டுங்கோ," என்றேன். "உம்மாட அரம் என்னட்டத்தான் இரிக்கி."