ஜரீனா அளந்த கால்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஜரீனாவின் தையல் கடை. கடை என்றால், ஒரு மெஷின், ஒரு ஃபேன், அவள், அவ்வளவுக்குத்தான் இடம். பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் துணியைப் பிடித்தும் இறக்கியும் கொடுக்கிறாள். மனுஷங்களைத் திருத்த முடியாது, துணியைத் திருத்தலாம் என்பது அவள் எண்ணம். "என் அளவு தப்பாது லா" என்று யாரும் கேட்காமலே சொல்வாள். ஒரே ஒரு தடவை தப்பியது. அதுவும் மூன்று மாதம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

தம்பி அர்ஃபான் பஸ் ஓட்டுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் நடக்கச் சொன்னார். இவன் காட்டுப் பாதையில் ஓட்டுகிற கிராஸ் கன்ட்ரி மவுண்டன் பைக் வாங்கப் போனான். வெளிநாட்டு வெப்சைட்டில் அளவு அட்டவணை இருந்தது. இவன் உயரத்துக்கு S ஃபிரேமும் ஆகும், M ஃபிரேமும் ஆகும். இப்படி நடுவில் மாட்டினவர்கள் காலின் உட்பக்க நீளத்தைப் பார்த்து முடிவு செய்யணுமாம்.

"லாத்தா, ஊருக்கே அளக்கிற. எனக்கும் அளந்து சொல்லு" என்று அக்காவிடம் வந்து நின்றான்.

வாடிக்கையாளர் என்றால் பேசிக்கொண்டே அளந்துவிடுவாள். சொந்தத் தம்பியின் காலிடுக்கில் டேப்பைப் பிடிக்க அவளுக்குக் கூச்சம். இஸ்திரி போட வைத்திருந்த அவன் பேண்டை எடுத்து உள்தையலை அளந்தாள். எழுபத்தொரு சென்டிமீட்டர். S ஆர்டர் ஆனது.

பைக் வந்த மறுநாள் அர்ஃபான் புதுப் பேண்ட் இரண்டு கொண்டுவந்து, "வழக்கம்போல ஏத்திடு லாத்தா" என்றான். தொழுகையில் அக்கறை வந்த நாளிலிருந்து அவன் பேண்ட் கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். வெட்டிக் கொடுப்பவள் ஜரீனாதான். அன்றும் வெட்டினாள். ஏழு சென்டிமீட்டர் துணி தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. தான் வெட்டிக் குட்டையாக்கிய பேண்டை அளந்துவிட்டு, அதைத் தம்பியின் கால் என்று சொல்லியிருக்கிறாள்.

பைக்கைத் திருப்பி அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆனால் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் அர்ஃபான், "என் லாத்தா அளந்த பைக். மில்லிமீட்டர் தப்பாது" என்று அளந்துகொண்டிருந்தான். ஜரீனா குனிந்து நூல் கோத்தாள். ஐந்து நாளும் அப்படியே நூல் கோத்தாள்.

மூன்று மாதம் ஓடியது. சின்ன பைக்கில் காலை மடக்கியே மிதித்ததில் அர்ஃபானுக்கு முட்டி வலி. கூட ஓட்டுகிறவர்கள் அவனுக்குச் சர்க்கஸ் கரடி என்று பேர் வைத்தார்கள். "அவனுங்கள விடு. என் முட்டிதான் சரியில்ல. எனக்கெல்லாம் இது சரிப்படாது போல" என்றான். ஜரீனா தைலம் வாங்கிக் கொடுத்தாள். நான்கு பேண்டைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். தொழுதுவிட்டு அவன் முட்டிக்காகத் துஆவும் கேட்டாள். அந்த முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டாள். அதுதான் அவளை ரொம்ப அரித்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவன் பைக்கை மாடிக்கே தூக்கி வந்தான்.

"நாளைக்கு புக்கிட் தீமா மலைக்குப் போறோம். கடைசியா ஒரு தடவை பாக்குறேன். வலிச்சா வித்துடுவேன். சீட்டை இன்னும் ரெண்டு விரல் ஏத்திட்டேன், பாரு."

பார்த்தாள். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு வெளியே தெரிந்தது.

"இது என்ன கோடு?"

"இதுக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்கான். கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் பயப்படுவான் லா."

தையலுக்குள்ளே துணி போதாவிட்டால் எங்கே கிழியும் என்று ஜரீனாவுக்குத் தெரியும். அந்தக் குழாயும் உள்ளே போதவில்லை. அதன் மேல் உட்கார்ந்து இவன் மலையிலிருந்து இறங்கப் போகிறான்.

"செருப்பக் கழட்டு. சுவத்துல சாஞ்சு நில்லு" என்றாள். அட்டை போட்ட டிசைன் ஆல்பத்தை நீட்டினாள். "காலுக்கு நடுவுல வெச்சு நல்லா மேல அழுத்து. நீயே பிடி." தரையிலிருந்து ஆல்பத்தின் மேல்விளிம்பு வரை டேப்பைப் பிடித்தாள்.

"எழுபத்தெட்டு."

"அன்னைக்கு எழுபத்தொண்ணுன்ன?"

"அன்னைக்கு உன் பேண்டை அளந்தேன். நான் வெட்டின பேண்ட். உனக்கு M வாங்கியிருக்கணும்."

அர்ஃபான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "எப்போ தெரியும்?"

இப்போதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பைக் வந்த மறுநாளே. திருப்பி அனுப்ப அஞ்சு நாள் இருந்துச்சு."

அவன் ஆல்பத்தை மெஷின் மேல் வைத்தான். "மூணு மாசமா என் முட்டிய நானே திட்டிட்டு இருந்தேன், லாத்தா." ஸ்பேனரை எடுத்து, கோடு மறையும் வரை சீட்டை இறக்கினான். பைக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். எப்போதும் சொல்கிற ஸலாமைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை போனில் ஒரு படம் வந்தது. யாருடைய M பைக்கிலோ அர்ஃபான் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் முழுசாக நீண்டு பெடலில் இருந்தது. கீழே, "முட்டி வலிக்கல. உன்கூட இன்னும் பேசல" என்று எழுதியிருந்தான்.

முதல் வரியை ஜரீனா நாலைந்து தடவை படித்தாள். இரண்டாவது வரிக்கு, "சரி" என்று மட்டும் பதில் போட்டாள்.