காகத்துக்கு வைத்த வடை

என் மனைவியின் சனி விரதத்தை முடித்துவைத்தது காகம் அல்ல, ஒரு றக்கூன். இதைச் சொன்னால் இன்றைக்கும் அவள் என்னை முறைப்பாள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஊரில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்ன வைகாசி மாதம் அது. அவளுடைய ஒரே தம்பி கடைசிவரை சண்டை நடந்த இடத்துக்குள்ளே இருந்தவன். அகதி முகாமுக்கு வந்தானா, உயிரோடு இருக்கிறானா, எதுவும் தெரியாது. அவன் குரலைக் கேட்கும்வரை சனிக்கிழமைதோறும் விரதம் என்று நேர்ந்துகொண்டாள். சமைத்ததில் முதற்பங்கு காகத்துக்கு. காகம் வாய்வைத்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் வீட்டின் பின்பக்கம் பலகை அடித்த டெக் ஒன்று உண்டு. முதல் சனிக்கிழமை மத்தியானம் அங்கே எள்ளுச்சோறும் வடையும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தாள். மேப்பிள் மரத்தில் ஒரு காகம் இருக்கத்தான் செய்தது. அது தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, டெக்குக்கு அடியிலிருந்து கறுப்பு முகமூடி ஒன்று வெளியே வந்தது. குட்டி போட்ட றக்கூன். பால் கொடுக்கும் காலத்தில் அது பகலிலும் இரை தேடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவசரப்படவில்லை, பயப்படவும் இல்லை. வடையை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, விரல்களால் உருட்டி உருட்டிப் பார்த்து, பிறகுதான் வாயில் வைத்தது. அவ்வளவு ஆசாரம் எங்கள் வீட்டில் எனக்கே கிடையாது.

"உது என்னப்பா, மரநாயோ?" என்றாள் மனைவி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று.

"றக்கூன். ஏதோ ஒரு சீவன் சாப்பிட்டிட்டுதுதானே. நீர் சாப்பிடும்."

"காகம் தொடாமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

அன்று அவள் முழுப்பட்டினி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடுத்த சனி வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு காவல் நின்றேன். நான் தடியை ஓங்க, அது பின்னங்கால்களில் எழுந்து நின்று, குழம்பில் உப்பில்லை என்று குறைசொல்லும் மாப்பிள்ளை வீட்டாரைப்போல என்னைப் பார்த்தது. நான்தான் ஓரடி பின்வாங்கினேன்.

மூன்றாம் சனி ஏணி வைத்து, தோட்டத்து ஷெட்டின் கூரையில் சோற்றையும் வடையையும் வைத்தேன். நான் இரண்டு படி இறங்குவதற்குள் அது பக்கத்து வேலியில் தொற்றிக் கூரைக்கு வந்துவிட்டது. ஏணியில் நின்றபடியே காகத்தைப் பார்த்து "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சுகமாக இருக்கிறாயா என்று விசாரித்தார். சுகம் என்றேன். அவரும் நம்பவில்லை, காகமும் நம்பவில்லை.

அப்போதுதான் வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. நான் இறங்குவதற்குள் அவள் அதைக் கையில் பிடித்தபடி டெக்குக்கு ஓடிவந்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அக்கா, நான்தான். முகாமில இருக்கிறன். ஆரின்ரையோ போன், கனநேரம் கதைக்கேலாது."

அவள் டெலிபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"அக்கா, சாப்பிட்டிட்டியோ?"

முகாமில் சோற்றுக்கு வரிசையில் நிற்பவன் கேட்கிறான். அவளுக்குப் பொய் சொல்லவும் தோன்றவில்லை. "இல்லையடா. காகத்துக்கு வைச்சதை றக்கூன் திண்டிட்டுது."

"அதென்ன சாமான்?"

"கள்ளன்ரை முகத்தோட ஒரு மிருகம். வடையைக் கழுவித்தான் தின்னும்."

அவன் சிரித்தான். அடக்கப் பார்த்தும் முடியாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். "இஞ்ச நாங்கள் ஒரு வாளித் தண்ணிக்கு அடிபடுறம். அங்க வடை கழுவவும் தண்ணியோ?" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தொடர்பு அறுந்தது.

அவள் உள்ளே போய் ஒரு கோப்பை நிறையச் சோறு போட்டு வந்து, டெக் படியில் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினாள். காகம் மரத்தில் அப்படியே இருந்தது. ஷெட் கூரையில் மற்றவள் இரண்டாவது வடையில் இருந்தாள்.

"தம்பி சிரிச்சவன், கேட்டனீங்களோ?" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

"ஓம், கேட்டனான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.