களி கூடாத இரண்டு கொல்லம்

தேவிகுளத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே, கேட்காமல் எனக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. தேயிலை ஃபாக்டரி வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றேன். மலையாளி சூப்பர்வைசர் அருகில் வந்து, "பனியாணோ?" என்றார். சுற்றிலும் பார்த்தேன். எதிரே நின்ற லாரிகூடத் தெரியவில்லை. "ஆமா சார், நல்ல பனி" என்றேன். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படு என்று கையைக் காட்டினார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பதை அன்று மாலை தாசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து லைன் வீட்டுக்காரன் அவன். தாத்தா காலத்திலேயே நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். எங்கள் எஸ்டேட் அணியின் பின்வரிசையில் அவனைத் தாண்டிப் பந்து போனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆமாம், அணி. கொழுந்து பறிக்கவோ கவாத்து வெட்டவோ என்னை யாரும் கூட்டிவரவில்லை. பந்து உதைக்கத்தான் கூட்டிவந்தார்கள். ஃபாக்டரிப் பதிவேட்டில் எனக்கு ஒரு வேலை எழுதியிருந்தது. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மைதானத்தில் இல்லாவிட்டால்தான் கேள்வி வரும். ஊரில் கோயில் மணலில் நான் ஆடும்போது, "பந்து சோறு போடுமாலே?" என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே போட்டது. இடது ஓரத்தில் நான் பந்தோடு கிளம்பினால் லைன் வீட்டு ஜனம் மொத்தமும் மேட்டில் எழுந்து நிற்கும். கோடையில் கீழே பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்களும் கூப்பிடுவார்கள். அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயம். முதலமடை மாந்தோப்புக்காரர் பழனிசாமியின் அணிக்கு இரண்டு கோடை ஆடியிருக்கிறேன். மலையில் ஈரப்புல் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலமடையின் கட்டாந்தரையில் பந்து தலைக்கு மேல் எகிறும். இரண்டும் ஒரே மாநிலம் என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

மூன்றாவது மழைக்காலத்தில் எனக்கு உண்மையான பனி வந்தது. தினமும் மாலையில் வரும், விடியும்போது வியர்வையாக இறங்கும். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் டி.பி. என்றார். ஊசியும் மாத்திரையும் எழுதிவிட்டு, என்னோடு வந்திருந்த என் மனைவி புஷ்பத்திடம், "ரெண்டு கொல்லம் களிக்கருது, கேட்டோ" என்று அழுத்திச் சொன்னார்.

கொல்லம் என்றால் வருடம். களிக்கருது என்றால் விளையாடக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத புஷ்பத்துக்குத் தெரியாது. உடம்பு தேறட்டும் என்று எனக்கு வாரம் இருமுறை உளுந்தங்களி கிண்டித் தந்தவள் அவள். வரும் வழியில், "களியில என்ன கெடுதல் இருக்கோ! டாக்டர் சொன்னா சரிதான், இனி கிண்ட மாட்டேன்" என்றாள். நான் அவளைத் திருத்தவில்லை. இருபத்தாறு வயதில் இரண்டு வருடம் என்பது பந்தாட்டக்காரனுக்குப் பாதி ஆயுள். ஊசி போடுகிறோமே, கொஞ்சம் ஆடினால் என்ன என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தாசனிடம்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்தோம். இதை எழுதும்போதும் அந்தக் குவளையை நினைத்தால் கை நிற்கிறது.

ஒரு மாதம் ஓடியது. பக்கத்து எஸ்டேட்டோடு ஆட்டம். இடைவேளைக்கு முன்பு இருமினேன். உள்ளங்கையில் ரத்தம். தாசன் பார்த்துவிட்டான்.

அவன்தான் என்னைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். விஷயம் வெளிவந்தபோது புஷ்பம் அழவில்லை. "ஒரு மாசமா நான் களி கிண்டாம இருந்தேன். ஒரு மாசமா நீங்க களிச்சிட்டு இருந்திருக்கீய" என்றாள். தாசன் வாசற்படியில் நின்று, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லே. எனக்கும் பிள்ளைகள் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அணி முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

செய்தி கேட்டுப் பழனிசாமி மலையேறி வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அந்தப் பக்கத்து வழக்கப்படி எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "ஏனுங்க செல்வராசு, நம்ம தோப்புல ஒரு ஊடு சும்மா கெடக்குதுங்க. இந்த ஈரத்துல கெடந்து ஏன் இருமோணும்? அங்க மழை வாரதே அதிசயமுங்க" என்றார். காய்ந்த இடம் நல்லதுதான் என்று டாக்டரும் சொன்னதால் புறப்பட்டோம். தாசன் வழியனுப்ப வரவில்லை.

அந்தத் தோப்பு வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. வந்த புதிதில் மூன்றாவது மரம் வரை நடந்தால் மூச்சு வாங்கும். வாரத்துக்கு ஒரு மரம் கூட்டினேன். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்தது. ஒரு வருடம் கழித்துப் பந்தைத் தொட்டேன், நின்ற இடத்திலேயே. பழைய ஓட்டம் வராது என்று உடம்பு சொல்லிவிட்டது. அப்போதுதான் ஒரு புதுமையைக் கண்டேன். ஓடுகிறவனுக்குத் தன் பாதை மட்டும்தான் தெரியும். நிற்கிறவனுக்கு மற்ற ஆறு பேரும் தெரிகிறார்கள். இடது ஓரத்துக்காரன் நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுக்கிறவனானேன். இரண்டு வருடம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த இந்த ஊர் டாக்டர், "இனி களிக்காம்" என்று விளையாட அனுமதி தந்தார். புஷ்பம் அவரிடம், "பந்துதானே சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

போன மாதம் கோபாலபுரத்தில் கடலை பிடுங்கிய காட்டில் செவன்ஸ் பந்தயம். முதலமடைக்கு எதிராக இறங்கியது தேவிகுளத்து எஸ்டேட் அணி. என்னைத் தடுக்க நின்றவன் தாசன். என்னிடம் பந்து வரும்போதெல்லாம் ஓரடி தள்ளி நின்று வழிவிட்டான். எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தைச் சுற்றிப் போவதுபோல அவன் போனது பொறுக்கவில்லை. மூன்றாவது முறை பந்தை நிறுத்தி, "ஏம்லே தள்ளி நிக்க? வந்து காலை வச்சுச் சவட்டு" என்றேன்.

"ஒனக்கு ஏதும் ஆயிட்டுன்னா?"

"ஆகாது. வாலே."

வந்தான். பந்தோடு என்னையும் சேர்த்துத் தூக்கியடித்தான். புழுதியில் உருண்டேன். இருமல் வந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். செம்மண் மட்டும்தான் இருந்தது. தாசனும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைகொடுத்துத் தூக்கினான். அன்று நான் பிரித்துக் கொடுத்த பந்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. அவர்கள் இரண்டு போட்டு ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்து மாநில எல்லைச் செக்போஸ்ட் வரை அவர்கள் லாரியோடு நடந்தேன். தேவிகுளம் போக, இங்கே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, மறுபடி கேரளத்துக்குள் மலையேற வேண்டும். "எங்கிருந்து எங்க போறீங்க?" என்றார் காவலர். "கேரளாவுல இருந்து கேரளாவுக்கு" என்றான் தாசன். அவர் சிரிக்கவில்லை. தாசன் என் பக்கம் திரும்பினான். "ஏறிருலே. ஒன் லைன் வீட்டுல இன்னும் யாரும் வரல."

மலையின் ஈரமும், மேட்டில் எழுந்து நிற்கும் ஜனமும் ஒரு கணம் கண்ணில் வந்தன. தூரத்தில் பழனிசாமியின் லாரியில் புஷ்பம் எனக்காகக் காத்திருந்தாள். "நெஞ்சு இந்தக் காத்துக்குப் பழகிட்டு. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

தாசன் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "யாருக்குலே 'வாங்க'? நான் ஒருத்தன்தானே நிக்கேன்?"

எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. பழனிசாமியின் 'ங்க' என் நாக்கில் ஏறியிருந்தது. அவன் தன் பச்சை ஜெர்சியை உருவி, என் மஞ்சள் ஜெர்சிக்கு மேலேயே தலைவழியாக மாட்டிவிட்டு லாரியில் ஏறினான். தடுப்புக் கம்பு உயர்ந்து, லாரி போய், மறுபடி தாழ்ந்தது. வீட்டுக்கு வந்து கழற்றப் பார்த்தால் இரண்டும் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. பச்சையை மட்டும் உருவ முயன்றேன், மஞ்சளும் கூடவே ஏறியது. புஷ்பம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.