குளியலறைக் காசில் கட்டிய கல்லறை

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் காற்று சும்மா இருக்காது. மலையிலிருந்து இறங்கி வந்து, சனங்கள் ஏற்றி வைத்த விளக்குகளில் பாதியை ஊதி அணைத்துவிட்டுப் போகும். அப்போது தெயோஃபில் அண்ணன் வாயில் ஒரு சிகரெட்டோடு வரிசை வரிசையாக நடப்பார். அணைந்த விளக்கு முன்னால் குனிவார், தீக்குச்சி கிழிப்பார், நிமிர்வார். சிகரெட் பற்றவைக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவள், அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியும்கூட. அவருக்குப் புகைப்பழக்கமே கிடையாது என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அதே ஒரே சிகரெட்தான், நசுங்கிப் போய்.

கடைசியாகத் தம்முடைய கல்லறைக்கு வருவார். ஆமாம், அவருடையதேதான். கறுப்புக் கல்லில் 'தெயோஃபில் குராஸ், 1931', பக்கத்தில் 'ரொசாலியா குராஸ், 1936', இரண்டுக்கும் அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு போடவேண்டிய வருஷத்தை ஆண்டவர் இன்னும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கல்லைத் துடைத்து, சாமந்தித் தொட்டி வைத்து, இரண்டு விளக்கு ஏற்றுவார்.

"உசுரோட இருக்கிற ஆளுக்கு எதுக்குண்ணே விளக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுத்தி எல்லாரும் வெளிச்சமா இருக்கறப்ப, என் பேரு மட்டும் இருட்டுல கிடந்தா நல்லாவா இருக்கு?"

ரொசாலியா மதினி வீடு துடைக்கிற வேலைக்கென்று ஆறு மாதம் சிகாகோ போனாள். அது 1981 கோடை. டிசம்பரில் இங்கே ராணுவச் சட்டம் போட்டுப் பட்டாளம் தெருவுக்கு வந்தது, போன் அறுந்தது, எல்லை மூடியது. ஆறு மாதம் பதினாலு வருஷம் ஆனது. அங்கிருந்து, வீட்டில் ஒரு குளியலறை கட்டச் சொல்லி அண்ணனுக்கு டாலர் அனுப்பினாள். அண்ணன் அதில் கல்லறையைக் கட்டி, படம் எடுத்து அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் மதினி முழங்காலில் விழுந்தாளாம். செபிக்கத்தான் என்று அண்ணன் நம்பினார்.

1995 ஆகஸ்டில் மதினி வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி, கூடவே உயரமாக, கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர். நான் அப்போது அண்ணன் வீட்டுக்குப் பால் கொடுக்கப் போயிருந்தேன்.

"பாத்ரூம் எங்க?" என்றாள் முதல் வார்த்தையாக.

அண்ணன் கல்லறைத் தோட்டம் இருக்கிற மேட்டைக் கை காட்டினார்.

"மனுஷனாய்யா நீ?"

"பாத்ரூம்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கப்போற, ரொசாலியா? அங்க எவ்வளவு காலம் இருக்கணும்னு யோசிச்சுப் பாரு. அது சரி, இவரு யாரு?"

"வாலென்ட்டி. என் புருஷன்."

"அப்ப நான்?"

"நீயுந்தான். அதைப் பேசத்தான் வந்திருக்கோம்."

அந்த நாட்டில் தங்குவதற்குக் காகிதம் வேண்டுமென்று, அமெரிக்கக் கோர்ட்டில் அண்ணனிடமிருந்து விவாகரத்து வாங்கிவிட்டு, அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட நம் ஆள் ஒருவரைக் கட்டியிருக்கிறாள். "காகிதத்துக்காகத்தான் கட்டினேன் புரோனியா," என்று என்னிடம் சொன்னாள். "அப்புறம் அந்த மனுஷன் பீட்ரூட் சூப் வச்சாரு. காகிதம் மறந்துபோச்சு."

இப்போது இருவருக்கும் சொந்த மண்ணில் படுக்க ஆசை. ஆனால் தோட்டத்தில் புது இடம் கிடையாது, ஏற்கெனவே கல்லறை உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

"ரெண்டு இடம் இருக்குல்ல? ஒண்ணு என்னுது, டாலர் என்னுது. உன்னுதை வாலென்ட்டிக்குக் குடுத்துரு. உன்னை எங்க போட்டாலும் நீ ஒண்ணும் சொல்ல மாட்டே."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. உயிரோடு பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை, செத்தாவது அவள் பக்கத்தில் கிடக்கலாம் என்றுதான் அந்த மனிதர் அத்தனை வருஷம் அந்தக் கல்லைக் கழுவினார்.

நோவி தார்க் டவுனுக்கு, வக்கீலிடம் போனோம். என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அமெரிக்கத் தீர்ப்பை நம்ம கோர்ட் ஏத்துக்கற வரைக்கும், இங்கே தெயோஃபில்தான் உங்க கணவர்," என்றார் வக்கீல்.

"அப்ப இவரு?"

"சிகாகோவில் கணவர். இங்கே விருந்தாளி."

அண்ணன் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "விமானத்துல வர்றப்ப எந்த எடத்துலங்க மாறினாரு? கடலுக்கு மேலயா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பங்குச் சாமியாரோ, திருச்சபைக்கு ஒரே புருஷன்தான், மற்றதெல்லாம் செவிவழிச் செய்தி என்றுவிட்டார். போதாததற்கு, மதினியின் பேரைக் கல்லில் பார்த்த எங்கள் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் வருஷா வருஷம் 'நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்' என்று செத்தவர்களுக்கான செபத்தை அவளுக்காகச் சொல்லிவந்த விஷயமும் வெளியே வந்தது.

"அதான் சிகாகோவுல எனக்கு அப்படி இடுப்பு வலி!" என்று கத்தினாள். "உசுரோட இருக்கிறவளை இழுத்திருக்கீங்களேடி, பாவிகளா!"

"இடுப்போட நின்னுச்சே மதினி, ஆண்டவருக்குத் தோத்திரம்," என்றேன்.

தெளிவு வருகிறவரை பாவம் வேண்டாமென்று, மதினி இரண்டு புருஷன்களையும் ஒரே அறையில் போட்டுவிட்டு, தான் அடுக்களைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் அண்ணன் சிவந்த கண்ணோடு வந்தார். "குறட்டையா அது? மரம் அறுக்கிற மில்லு. ஆனா ஆளு தங்கம்."

ஒரு நாள் மூவரோடும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அண்ணன் மெல்லக் கேட்டார்: "ஏன் வாலென்ட்டி, உங்க குடும்பத்துக்குன்னு கல்லறை இல்லியா?"

"இருந்துச்சு. அப்பா அம்மா கிழக்கே கிடக்காங்க. யுத்தம் முடிஞ்சதும் எல்லையை இந்தப் பக்கமாத் தள்ளி வச்சுட்டாங்க. எங்களை ரயில்ல ஏத்திட்டாங்க. கல்லறையை யாரு ஏத்துவா? இப்ப அது மேல டிராக்டர் கொட்டகை இருக்காம்." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டவர் போலச் சிரித்தார்.

அண்ணன் சீவிக்கொண்டே இருந்தார். கையிலிருந்த கிழங்கு முழுக்கத் தோலாகவே போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் சாமியார் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "சாமி, அகலத்துல இடம் இல்லேன்னா ஆழத்துல இருக்குமே. என் பக்கத்தை ஆழமாத் தோண்டுனா ரெண்டு பேரு படுக்கலாம்ல?"

"தோண்டலாம். கல்லறைக்குச் சொந்தக்காரன் சம்மதிக்கணும். ஆனா முதல்ல போறவர்தான் அடியில், தெயோஃபில்."

"சம்மதம் சாமி. ரொசாலியா பக்கம் மட்டும் தோண்ட வேண்டாம். அவளுக்குக் கீழே ஆள் இருந்தா வேலை வாங்குவா."

கல்லில் மூன்றாவது பேர் ஏறியது. அன்றிலிருந்து அடியில் போக இரண்டு பேருக்கும் மனசில்லை. வாலென்ட்டி பன்றிக் கொழுப்பைத் தொடுவதில்லை. அண்ணன் சூடான பாலில் பூண்டு தட்டிப் போட்டுக் குடித்தார். ஒருவர் தும்மினால் மற்றவர் முகத்தில் பெருநாள். தும்மியவருக்குத் தேன் கலந்த தேநீர் போட்டுக் கொடுப்பதும் அதே மற்றவர்தான். இதற்கிடையில் வாலென்ட்டி தம் கையாலேயே ஒரு குளியலறை கட்டி முடித்தார். அமெரிக்கத் தீர்ப்பை ஏற்கச் சொல்லிக் கோர்ட்டில் போட்டிருந்த வழக்கை மூன்று பேருமே மறந்துபோனார்கள்.

அவர் வந்து மூன்றாவது பிப்ரவரியில், தம் பேருக்குரிய புனிதரின் திருநாள் விருந்தில், கசகசா கேக்கின் மூன்றாவது துண்டோடு வாலென்ட்டி அப்படியே சாய்ந்துவிட்டார். ஜெயித்த அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். "அவசரக்காரப் பய. ரெண்டு துண்டோட நிறுத்தியிருக்கலாம்ல?"

அந்த அக்டோபரில் அண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மதினி உள்ளே அவருக்குக் கம்பளிக் காலுறை தேடிக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்தபடி அண்ணன் சட்டைப் பையில் தடவி, அந்த நசுங்கிய சிகரெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"திருநாளன்னைக்குக் காத்து விளக்கை அணைச்சா இதை வாயில வச்சுக்கிட்டு ஒரு நடை நடந்துரு, புரோனியா. எங்க கல்லுல மட்டும் வாலென்ட்டி பேருக்குக் கிட்டக்க விளக்கு வேண்டாம். வெளிச்சம் பட்டா புரண்டு படுத்துக் குறட்டை விடுவான். அவனுக்கு மேல படுக்கப்போறது நான்."